ஊசிக் காதுக்கு அந்தப் பக்கம்

இங்கே வழக்கமாக ரவிக்கை வெட்டுவது, கழுத்து டிசைன், லைனிங் சுருங்காமல் தைப்பது இவற்றைப் பற்றித்தான் எழுதுவேன். இந்தப் பதிவு துணியைப் பற்றியது இல்லை. இத்தனை நாள் ஏன் எதுவும் போடவில்லை என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். தலைக்குள் ஒரு கட்டி இருந்தது. எடுத்தாகிவிட்டது. போன பார்வை பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. அது திரும்பி வந்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம் தீரவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

2022 தீபாவளிக்கு முந்தின மாதம் என்று நினைக்கிறேன். திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் அந்தச் சமயம் ரவிக்கைத் துணி மூட்டை மூட்டையாக வந்து குவியும். ராத்திரி பதினொரு மணிக்கு மிஷினை விட்டு எழுந்து, பகலில் வெளிச்சத்தில் கொக்கி தைப்பேன். ஒரு நாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கை ஊசியில் நூல் கோக்கப் பார்க்கிறேன். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. நூல் நுனியைக் கடித்து, ஈரப்படுத்தி, முறுக்கி, ஊசியை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ஊசி தெரிகிறது. காதும் தெரிகிறது. ஆனால் ஊசிக்குப் பின்னால் ஜன்னல் கம்பி இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் எதிர்வீட்டு முருங்கை மரம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. இருட்டாகத் தெரிந்தால் பயந்திருப்பேன், மங்கலாகத் தெரிந்தால் கண்ணைத் துடைத்திருப்பேன். எதுவும் தெரியவில்லை என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. காதுக்குள் போன நூல் அந்தப் பக்கம் வந்ததா இல்லையா என்று மட்டும் தெரியவில்லை. ஊசியைத் தள்ளிப் பிடித்தால் மரம் வந்துவிடுகிறது. கிட்டே கொண்டுவந்தால் மரம் போய்விடுகிறது.

வெள்ளெழுத்துதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது 46 வயசு. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றினார்கள். அட்டையில் இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள், ஒவ்வொரு கண்ணாகப் படித்தேன், பெரிய தப்பு எதுவும் வரவில்லை. 'பவர் கொஞ்சம் கூடியிருக்கு' என்றார்கள். பக்கவாட்டில் என்ன தெரிகிறது என்று கேட்கவே இல்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நடு தெரிகிறவரை நமக்குக் கண் தெரிகிறது என்றுதான் தோன்றும்.

அப்புறம் இஞ்ச் டேப் சேட்டை பண்ண ஆரம்பித்தது. 34 என்கிற எண் ஒரு நேரம் 3 மட்டும் தெரியும், ஒரு நேரம் 334 என்று தெரியும். நடுக்கோட்டில் ஒரு எழுத்து விழுங்கப்படும், இல்லாவிட்டால் இரண்டாகும். மேட்டுத்தெரு டீச்சர் ஒருவர் பதினைந்து வருஷமாக என்னிடம் தைப்பவர். அவர் மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்த பட்டு ரவிக்கையில் கைச்சுற்று இரண்டு இஞ்ச் குறைத்து வெட்டிவிட்டேன். பட்டை ஒட்டுப் போட முடியாது. துணிக்காசை அவர் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. கை தப்புப் பண்ணாது என்கிற நம்பிக்கைதான் தையல்காரிக்கு முதல். அது போனால் மிஷின் இருந்து என்ன?

வீட்டில் நிலைக்காலில் தோளை இடித்துக்கொள்வேன். மாமியார் 'பாத்து நட தாயி' என்பார். ரோட்டைக் கடக்கும்போது வலது பக்கமிருந்து ஆட்டோ முளைத்த மாதிரி வரும். 44 வயசிலேயே மாதவிலக்கு நின்றிருந்தது. அதற்கும் 'வயசு' என்றே சொன்னார்கள். நெற்றிக்குள்ளே ஒரு வலி. இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்க எனக்குத் தெரியவில்லை, பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்தது மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயசு டாக்டர். என் மகள் வயசுதான் இருக்கும். எதிரே முட்டிக்கு முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார். 'ஒரு கண்ணை மூடிக்கங்கம்மா. என் மூக்கை மட்டும் பாருங்க. விரல் ஆடுறது தெரிஞ்சா சொல்லுங்க' என்றார். நான் மூக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'ஆட்டலையே டாக்டர்' என்றேன். அவர் ஆட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் முகம் மாறினது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நடுவில் இருந்ததால் தெரிந்தது.

பிறகு பார்வைப்புலச் சோதனை. இருட்டு அறை. ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் குவளை மாதிரி ஒரு மிஷினுக்குள் முகத்தை வைத்து, தாடையைத் தாங்கியில் ஊன்றி, நடுவில் இருக்கிற மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும். தெரிந்தால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். கொஞ்ச நேரம் வேகவேகமாக அமுக்கினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மிஷின் மட்டும் உள்ளே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு ஏதோ வேலை நடக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. வயிற்றைப் பிசைந்தது.

அச்செடுத்த தாளில் வலது கண்ணுக்கு வலது பாதி கறுப்பு. இடது கண்ணுக்கு இடது பாதி கறுப்பு. இரண்டிலும் கறுப்பு மேலிருந்து கீழே நேர்க்கோட்டில் நின்றது. துணியை நடுவில் மடித்து, மடிப்போரத்தில் கத்தரி வைத்த மாதிரி அவ்வளவு நேர். நோய் இப்படி அளவெடுத்து வெட்டுமா என்று இருந்தது.

ஏன் அப்படி என்று எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு நரம்பு அறுவை டாக்டர் விளக்கினார். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சுமார் 10 லட்சம் இழைகள் கொண்ட ஒரு நரம்புக் கற்றை பின்னால் போகிறது. இரண்டு கற்றையும் ஓர் இடத்தில் சந்திக்கும். கண்ணின் மூக்குப் பக்கப் பாதியிலிருந்து வருகிற இழைகள் அங்கே பெருக்கல் குறி மாதிரி எதிர்ப்பக்கம் தாண்டும். காதுப் பக்கத்து இழைகள் தாண்டாமல் நேரே போகும். கண்ணுக்குள் பிம்பம் இடவலம் மாறி விழுவதால், தாண்டுகிற இழைகள் சுமப்பது வெளிப்பக்கத்துக் காட்சியை. அந்தச் சந்திப்புக்கு நேர் கீழே பட்டாணி அளவில், அரை கிராம் எடையில், உடம்பின் பல ஹார்மோன்களை நடத்துகிற பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதில் கட்டி வளர்ந்தால் மேலே தூக்கி, தாண்டுகிற இழைகளைத்தான் நசுக்கும். அதனால்தான் இரண்டு வெளிப்பக்கமும் போகிறது, நடுவில் நேர்க்கோடு விழுகிறது. 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரிய கட்டிக் கணக்கு. என்னுடையது 26.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றுக்கு இல்லாததை மற்றது ஓரளவு ஈடுகட்டும். வலது கண் இடது பக்கத்தையும், இடது கண் வலது பக்கத்தையும் பார்த்துக்கொள்ளும். ரொம்ப ஓரம் மட்டும்தான் முழுதாகப் போகும். அதனால்தான் அத்தனை மாதம் எனக்கே தெரியவில்லை. ஆனால் கிட்டே இருக்கிற ஒன்றை, ஊசியை, இரண்டு கண்ணும் சேர்ந்து உற்றுப் பார்க்கும்போது, அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் இரண்டு கண்ணுக்குமே வெளிப்பக்கத்தில் போய் விழும். இரண்டுக்குமே வெளிப்பக்கம் இல்லை. அதனால் ஊசிக்குப் பின்னால் ஒரு முக்கோண இடம் உலகத்திலிருந்தே காணாமல் போகும். முருங்கை மரம் போன இடம் அதுதான். இதை டாக்டர் தாளில் கோடு போட்டுக் காட்டியபோது அழுதுவிட்டேன். பயத்தில் இல்லை. நான் பொய் சொல்லவில்லை, கவனக்குறைவாக இருக்கவில்லை என்று ஒரு படம் எனக்காகச் சாட்சி சொன்ன மாதிரி இருந்தது.

ரத்தப் பரிசோதனை முக்கியம் என்றார்கள். தாய்ப்பாலுக்கான புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கிற வகைக் கட்டி என்றால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும், கத்தி வேண்டாம். எனக்கு அந்த வகை இல்லை. மூக்கு வழியாக எடுக்க வேண்டும் என்று முடிவானது. 1907இல் ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ருக் நகரத்தில் ஷ்லோஃபர் என்கிற டாக்டர்தான் முதன்முதலில் மூக்கு வழியாகப் பிட்யூட்டரிக் கட்டியை எடுத்தாராம். அவர் முகத்தில் வெட்டி மூக்கையே ஒரு பக்கமாக ஒதுக்கினார். இப்போது மூக்குத் துவாரத்துக்குள் கேமரா வைத்த குழாயை விட்டு, வெளியே ஒரு தழும்புகூட இல்லாமல் முடித்துவிடுகிறார்கள். உள்ளே ஓட்டையை அடைக்க வயிற்றிலிருந்து துளிக் கொழுப்பு எடுத்தார்கள். அந்தத் தழும்பு மட்டும் இருக்கிறது.

2023 பிப்ரவரியில் அறுவை நடந்தது. நாலு மணி நேரம் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

மறுநாள் காலை. மூக்கு முழுக்க அடைப்பு, வாயால் மூச்சு, தொண்டை காய்ந்து கிடக்கிறது. நர்ஸ் நேராக நின்று பேர் கேட்டுக்கொண்டிருந்தார். பேர் சொன்னேன். சொல்லும்போதே வலது ஓரத்தில் நீலமாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பாமலே தெரிந்தது. பக்கத்துக் கட்டிலின் திரைச்சீலை. அதன் கீழ் மடிப்பு பிரிந்து நூல் தொங்கினது. அதைத்தான் முதலில் பார்த்தேன், மடிப்பு பிரிந்ததை. 'திரை தெரியுதும்மா' என்றேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. 'மறைச்சுத்தான் போட்டிருக்கோம்' என்றார்.

ஒரே ராத்திரியில் எப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். பார்வை திரும்புவது மூன்று கட்டமாக நடக்கும் என்றார். அழுத்தத்தில் கிடக்கிற நரம்பு எல்லாம் செத்துப் போயிருக்காது. சில இழைகள் சேதி கடத்த முடியாமல் அடைபட்டு மட்டும் கிடக்கும். பாரம் நீங்கின உடனே, மணிக்கணக்கிலேயே, அவை வேலை செய்ய ஆரம்பிக்கும். இது முதல் கட்டம். அடுத்தது வாரக்கணக்கு, மாதக்கணக்கு. இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்கிற மேலுறை உரிந்திருந்தால் அது மறுபடி கட்ட வேண்டும். மூன்றாவது இன்னும் மெதுவானது, வருஷக்கணக்கில்கூட நடக்கும். அறுவைக்கு முன்னாலேயே கண்ணுக்குள் நரம்பிழை அடுக்கின் கனத்தை ஸ்கேன் செய்து அளந்திருந்தார்கள். சாதாரணமாகவே அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். எனக்கு அது அதிகம் மெலியவில்லை. அதனால் நம்பிக்கை இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மெலிந்தபின் போனால் இவ்வளவு திரும்பாது. இன்னும் ஒரு வருஷம் கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருந்திருந்தால் என் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் மற்ற நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தாகம் தாங்க முடியவில்லை, குடிக்கக் குடிக்கச் சிறுநீர் போனது. குடிப்பதையும் போவதையும் குவளையில் அளந்து எழுதினார்கள். மாத்திரை கொடுத்த பிறகு அது நாலு நாளில் அடங்கியது. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனியக் கூடாது. ஒன்பதாவது நாள் வீட்டுக்கு வந்தேன்.

நான் எழுத நினைத்த விஷயமே இதற்குப் பிறகுதான் வருகிறது.

கண் தெரிந்துவிட்டது, இனி எல்லாம் பழையபடி என்றுதான் நினைத்து வந்தேன். வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். வலது ஓரத்தில் சட்டென்று யாரோ நகர்வார்கள். 'யாரது?' என்று கத்துவேன். கொடியில் காயப்போட்ட சேலை காற்றில் ஆடியிருக்கும். இடது பக்கம் மின்விசிறி நிழல். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ரொம்ப மாதமாக அந்த ஓரங்களிலிருந்து எதுவும் வந்ததே இல்லை. இப்போது வருகிறது. வருவதெல்லாம் ஆபத்து மாதிரியே வருகிறது.

இன்னொன்று இதற்கு நேர்மாறு. ஓரத்தில் இருப்பது தெரிந்தும் நான் அதைப் பயன்படுத்தவில்லை. மேஜை ஓரத்தில் வைத்த டம்ளரை முழங்கையால் தட்டி உடைத்தேன், ஒரே வாரத்தில் மூன்று. 'டம்ளர் இருந்தது தெரிஞ்சுதாம்மா?' என்று மகள் கேட்டாள். யோசித்தால், தெரிந்துதான் இருந்தது. தெரிந்தது கைக்குப் போய்ச் சேரவில்லை. தெருவில் நடந்தால் பழையபடி கழுத்தை முழுதாகத் திருப்பித் திருப்பித்தான் பார்த்தேன். 'கண்ணுதான் சரியாயிருச்சுல்ல, இன்னும் ஏன் தலையைத் திருப்புற?' என்றாள் அவள். கண்ணுக்குச் சரியாகிவிட்டது. அது சரியானதை எனக்குள் இன்னொன்று இன்னும் நம்பவில்லை.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் இதைச் சொன்னேன். சிரிப்பாரோ என்று தயக்கம். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். 'பார்க்கிறது கண் இல்லம்மா, பின்மண்டை' என்று என் கொண்டைக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினார். தலையின் இடது பாதி, இரண்டு கண்ணிலிருந்தும் வலது பக்கக் காட்சியை வாங்கிக்கொள்கிறது. வலது பாதி இடது பக்கத்தை. எனக்கு ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு கண்ணிலிருந்து வர வேண்டியது பல மாதம் ஒரு கண்ணிலிருந்து மட்டும் வந்திருக்கிறது. பின்மண்டை அந்தப் பாதிச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தப் பழகிவிட்டது. 'இப்ப முழுச் சம்பளம் வருது. செலவுக் கணக்கை மாத்தி எழுத நாளாகும்' என்றார். இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

என் மகள் இயற்பியலில் முதுகலை படிக்கிறாள். அதற்குப் பிறகு அவளும் நானும் ராத்திரியில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தோம். அவள் வாசித்து எனக்குச் சொல்வாள்.

பின்மண்டையில் எந்த இடம் எந்தக் காட்சிக்கு என்று முதலில் கணக்காக வரைந்தவர்களில் ஒருவர் தத்சுஜி இனோயே என்கிற ஜப்பான் கண் டாக்டர். 1904–05இல் ரஷ்யாவோடு நடந்த போரில் தலையில் குண்டு பாய்ந்து பிழைத்த வீரர்களுக்கு எவ்வளவு பார்வை போயிருக்கிறது என்று அளந்து ஓய்வூதியம் தீர்மானிப்பது அவர் வேலை. குண்டு எங்கே புகுந்து எங்கே வெளியே வந்தது என்று பார்த்து, எந்த இடம் சேதமானால் எந்தப் பார்வை போகிறது என்று வரைந்தார். 1909இல் வெளியிட்டார். பின்மண்டையின் கடைசி நுனியில் நடுப் பார்வை. உள்ளே போகப் போக ஓரப் பார்வை. நடுவுக்கு, அதாவது ஊசி முனை அளவு இடத்துக்கு, மூளை ஒதுக்கியிருக்கும் பரப்பு ரொம்பப் பெரிசு. அகலமான ஓரத்துக்குக் கொடுத்தது கொஞ்சம்தான். தையல்காரிக்கு ஏற்ற ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லாமல் ரோட்டைக் கடக்க முடியாது.

மூளை வேலை செய்வதை உயிரோடு இருக்கிறவர் தலைக்குள் எப்படிப் பார்க்கிறார்கள்? ஓர் இடம் வேலை செய்தால் அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு மாறும், அந்த மாற்றம் காந்த ஸ்கேனில் தெரியும். இதை 1990இல் காட்டியவர் செய்ஜி ஒகாவா என்கிற ஜப்பான் விஞ்ஞானி. அடுத்தது எனக்கு இன்னும் பிடித்தது. 1995இல் பரத் பிஸ்வால் என்கிற மாணவர் அமெரிக்காவில் விஸ்கான்சினில், எந்த வேலையும் கொடுக்காமல் ஆட்களைச் சும்மா படுக்கவைத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கையை அசைக்காமல் இருக்கும்போதுகூட, வலது கைக்கான இடமும் இடது கைக்கான இடமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஓர் ஏற்ற இறக்கத்துக்குப் பத்து நொடி, அதற்கும் மேலே ஆகும். அவ்வளவு மெதுவான அலை. உடம்பு எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் சக்தியில் 20 சதவீதத்தை அது தின்கிறது. சும்மா இருக்கும்போதும் அது சும்மா இல்லை.

பிட்யூட்டரிக் கட்டியால் பார்வை குறைந்தவர்களை இப்படிச் சும்மா படுக்கவைத்து எடுத்த ஸ்கேன் ஆய்வுகள் சீனாவிலிருந்து வந்திருக்கின்றன. பின்மண்டைப் பார்வைப் பகுதியின் அலைகளில் மாற்றம் தெரிகிறது. அது அங்கேயே நிற்பதில்லை, பார்வைக்கு நேரடியாகச் சம்பந்தமில்லாத மற்ற பகுதிகளிலும் தெரிகிறது. மகள் இதை வாசித்தபோது 'டம்ளர்' என்றேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

நரம்பின் மேலுறை விஷயத்தையும் படத்தில் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாகாணத்தில் இருக்கும் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு அது. என்னைப் போன்ற பிட்யூட்டரி நோயாளிகளை அறுவைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பிழை நெடுக நீர் எப்படி ஊர்கிறது என்று பார்த்தால், மேலுறை பழுதா சரியா என்று ஊகிக்கலாம். உறை நன்றாக இருந்தால் நீர் இழையோடு ஓடும், கிழிந்திருந்தால் பக்கவாட்டில் கசியும். அறுவைக்குப் பிந்தின வாரங்களில் அந்தக் கசிவு குறைந்தது, பார்வை மீள்வதோடு அது ஒத்துப்போனது. பெரிய ஆட்களின் மூளையில் நரம்பு உறை மறுபடி கட்டுவதை அறுவைக்கு முன்பின் வைத்து ஒப்பிட இந்த நோய் வசதியான இடம் என்று அவர்கள் கருதினார்கள். எனக்கு நேர்ந்த கஷ்டம் யாருக்கோ ஏதோ தெரிந்துகொள்ள உதவுகிறது என்றால் சந்தோஷம்தான். நிஜமாகவே சொல்கிறேன்.

இதையெல்லாம் படித்த பிறகு மகளும் நானும் ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டோம். இது வைத்தியம் இல்லை. டாக்டரிடம் சொன்னபோது 'செய்யுங்க, தப்பில்ல' என்றார், அவ்வளவுதான். எதிர்ச் சுவரில் முருகன் காலண்டர். நான் தேதியையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அவள் எனக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் நின்று, ஒரு நூல்கண்டை மெல்ல முன்னால் கொண்டுவருவாள். தெரிந்த உடனே நான் சொல்ல வேண்டும். முதலில் ஏதோ அசைகிறது என்பது மட்டும் தெரியும். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தால் கண்டின் உருவம் வரும். நிறம் கடைசியில்தான். அரக்கா பச்சையா என்று சொல்ல, கண்டு ரொம்பவே முன்னால் வர வேண்டியிருந்தது. எனக்கு இன்னும் சரியாகவில்லை என்று கவலைப்பட்டேன். மகள் என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை நூல்கண்டைப் பிடிக்கச் சொன்னாள். அவளுக்கும் அதே கதைதான். ஓரக் கண்ணில் நிறம் எல்லாருக்குமே சரியாகத் தெரியாது. நாற்பத்தேழு வருஷம் ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தும் அது எனக்குத் தெரியாது.

முதல் இரண்டு வாரம் கண்டு அசைந்தவுடன் தோள் தூக்கிப்போடும். மூன்றாவது வாரம் தூக்கிப்போடவில்லை. எந்த நாளிலிருந்து நின்றது என்று சொல்ல முடியவில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மாடியில் வடகம் போட்டுக்கொண்டிருந்தபோது, காக்காய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. திரும்பாமலே 'ஹை' என்று கையை வீசினேன். வீசின பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

மே மாதம் மறுபடி பார்வைப்புலச் சோதனை. பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். நீளமான மௌனம் வரவில்லை. தாளில் கறுப்பு போய், வலது கண்ணுக்கு மேல் மூலையில் மட்டும் சாம்பலாக ஒரு திட்டு இருந்தது. கீழேயிருந்து வருகிற கட்டி முதலில் நசுக்குவது மேல்பக்கத்துப் பார்வையைச் சுமக்கிற இழைகளை. ரொம்ப நாள் நசுங்கினது அதுதான். அது இன்னும் அப்படியே இருக்கிறது. உயரத்தில் இருக்கிற பரணில் பொருள் தேடும்போது தெரியும். பரவாயில்லை.

ஹார்மோன் மாத்திரை இரண்டு தினமும் உண்டு. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அப்புறம் ஹைட்ரோகார்ட்டிசோன். இரண்டாவதை ஒரு வேளைகூட விடக்கூடாது, காய்ச்சல் வந்தால் கூட்ட வேண்டும் என்று எழுதின அட்டை என் பர்ஸில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. மல்லிகை வாசம் தெரிய மூன்று மாதம் ஆனது.

இதைப் படிக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது அடிக்கடி நிலைக்காலில் இடித்துக்கொண்டால், எண்களின் பாதி தெரியவில்லை என்றால், ஊசி கோக்கும்போது பின்னால் இருப்பது காணோம் என்றால், கண்ணாடி மாற்றுவதோடு விட்டுவிடாதீர்கள். எதிரே உட்காருங்கள். ஒரு கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லி, பக்கத்தில் விரலை ஆட்டுங்கள். அடுத்த கண்ணுக்கும் அதே போல. ஒரு நிமிஷம்கூட ஆகாது. சந்தேகம் வந்தால் கண் டாக்டரிடம் பார்வைப்புலச் சோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாதவிலக்கு சீக்கிரம் நிற்பது, தலைவலி, சோர்வு இவற்றோடு சேர்ந்து வந்தால் நாளைக் கடத்தவே கடத்தாதீர்கள்.

மேட்டுத்தெரு டீச்சரின் மகளுக்கு வளைகாப்பு. போன வாரம் பச்சைப் பட்டு கொண்டுவந்து கொடுத்தார். அளவு எடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. 'நீங்க வெட்டுங்கக்கா' என்று மட்டும் அந்தப் பெண் சொன்னாள். நேற்று மத்தியானம் கையைப் பொருத்தித் தைத்துக்கொண்டிருந்தேன். கண் முழுக்க ஊசி இறங்குகிற இடத்தில். பாபின் மாற்ற எடுத்து வைத்திருந்த இன்னொரு பாபின், மோட்டார் அதிர்வில் மேஜையின் இடது ஓரத்துக்கு உருண்டது. என் இடது கை துணியை விட்டுவிட்டுப் போய் அதைப் பிடித்தது. நான் ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாபினை மடியில் போட்டுக்கொண்டு மிச்சக் கையைத் தைத்து முடித்தேன்.